நூறாவது ஆள்: தமிழ்க் கணக்குப் புதிரில் முன்னிலையின் இடம்

முன்னுரை

தொல்காப்பியச் செய்யுளியல் யாப்பின் வகைகளை எண்ணும்போது பாட்டு, உரை, நூல் முதலியவற்றோடு பிசியையும் ஒன்றாக வைக்கிறது. தமிழில் விடுகதை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்தே தொடங்குகின்றன. ஆயினும் எண்ணை விடையாகக் கொண்ட புதிர்கள் அம்மரபில் ஓரத்திலேயே நிற்கின்றன. தொகுப்பாளர்கள் அவற்றைக் 'கணக்குப் புதிர்' என்னும் தலைப்பில் நூலின் கடைசியில் சேர்ப்பதுண்டு. கணித வரலாறு எழுதுவோரோ கணக்கதிகாரத்தின் நில அளவைக்கும் பொன் கணக்குக்கும் தரும் கவனத்தை வாய்மொழிப் புதிருக்குத் தருவது அரிது. இரு தரப்பாரிடத்தும் புதிர் ஒரு வினாவும் ஒரு விடையுமாகச் சுருங்கிவிடுகிறது. யார் யாரிடம் சொன்னது என்பது உதிர்ந்து போகிறது. உதிர்வது வெறும் சூழல் என்றால் பெரிய இழப்பில்லை. ஆனால், சில புதிர்களில் கேட்போன் கணக்கின் உறுப்பாகவே இருக்கிறான். இக்கட்டுரை அத்தகைய ஒரு புதிரை எடுத்துக்கொண்டு, அதன் இலக்கணத்தையும் எண்ணையும் ஒருங்கே வைத்து ஆராய்கிறது.

பறவைக் கூட்டப் புதிர்

புதிர் பலரும் அறிந்ததே. பறந்து செல்லும் கூட்டம் ஒன்றைத் தனிப் பறவை பார்த்து, நீங்கள் நூறு பேரா என்று கேட்கிறது. இல்லை என்கிறது கூட்டம். தாங்களும், தங்களைப் போல் இன்னொரு பங்கும், தங்களில் பாதியும், அப்பாதியில் பாதியும், கேட்ட பறவையும் சேர்ந்தால்தான் நூறு ஆகும் என்று விடை சொல்கிறது. கூட்டத்தில் இருந்தவை எத்தனை? பறவை கொக்காகவோ புறாவாகவோ கிளியாகவோ இருக்கலாம். சில வடிவங்களில் கேட்பவன் மனிதன். விடை 36.

கணக்கு எளிது. ஒன்று, ஒன்று, அரை, கால் ஆகியவற்றைக் கூட்டினால் இரண்டே முக்கால். நூறில் கேட்ட பறவையை நீக்கினால் 99. எந்த எண்ணின் இரண்டே முக்கால் மடங்கு 99 என்பதே வினா. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடம் செய்தவருக்கு இது முக்கால் வாய்பாட்டுக்குள் அடங்கும் செய்தி: 36-இன் இரு மடங்கு 72, முக்கால் 27, ஆக 99. வாய்பாடு அறியாதவரும் வழி காணலாம். கால் பங்கு முழு எண்ணாக வரவேண்டியிருப்பதால் நான்கை வைத்துப் பார்க்கிறோம். நான்கும் நான்கும் இரண்டும் ஒன்றும் பதினொன்று. 99-இல் பதினொன்று ஒன்பது முறை அடங்கும்; ஆகவே நான்கு ஒன்பது முப்பத்தாறு. ஓர் எண்ணை இட்டுப் பார்த்து அதன் விகிதத்தால் உண்மை எண்ணை அடையும் இம்முறை வடமொழிக் கணித நூல்களில் இஷ்டகர்மம் எனப்படும். கூடியிருந்து விடை தேடுவோர் பெயர் தெரியாமலே இதனைக் கையாள்கின்றனர். ஒருவர் 40 என்பார். கூட்டிப் பார்த்தால் 111 வரும். மற்றொருவர் 32 என்பார், 89 வரும். ஒருவர் மிகுத்தும் ஒருவர் குறைத்தும் சொன்ன இரு தவறான விடைகளுக்கு இடையில் மூன்றாமவர் சரியான விடையை எடுக்கிறார். அச்சிட்ட தொகுப்புகளில் இந்தத் தவறான விடைகள் இடம்பெறுவதில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். புதிர் அவிழ்வது அவற்றின் வழியாகத்தான்.

'அதில் பாதி' என்னும் பாடம்

சொல்வோரிடையே ஒரு பாட வேறுபாடு தோன்ற இடமுண்டு. 'எங்களில் பாதி' என்னும் இடத்தில் 'அதில் பாதி' என வரலாம். சுட்டுப்பெயர் வந்தவுடன் பொருள் இரண்டாகப் பிளவுபடுகிறது. 'அது' கூட்டத்தின் அளவைச் சுட்டுவதாகக் கொண்டால் பழைய கணக்கே. அதுவரை கூட்டி வந்த இரட்டித்த தொகையைச் சுட்டுவதாகக் கொண்டால், பாதி என்பது மீண்டும் முழுக் கூட்டத்துக்குச் சமமாகும். அப்பாதியில் பாதி அரைப் பங்காகும். அப்போது மொத்தம் மூன்றரை மடங்கு. 99-ஐ மூன்றரையால் வகுத்தால் முழு எண் கிடைக்காது. 28 பறவைகளுக்கு மேல் ஒரு பறவையின் துண்டும் வேண்டியிருக்கும். எனவே இரண்டாம் பொருள் தள்ளப்படுகிறது. சுட்டு எதனைத் தழுவுகிறது என்னும் இலக்கண ஐயத்தை எண்ணே தீர்த்துவைக்கும் இவ்விடம் உரையாசிரியர்களின் கவனத்துக்கு உரியது. செய்யுளில் மயங்கும் சுட்டுக்கு நாம் இடம் நோக்கியும் மரபு நோக்கியும் பொருள் கொள்கிறோம். இங்கே பறவையைப் பிளக்க முடியாது என்பது ஒன்றே போதிய சான்று.

எங்களும் நாமும்

புதிரின் பெயர்கள் இன்னும் நுட்பமானவை. கூட்டம் தன்னைக் குறிக்க 'நாங்கள்', 'எங்கள்' என்றே சொல்கிறது. இவை முன்னிற்பவரை விலக்கும் தன்மைப் பன்மை. வினைமுற்று விகுதிகளைப் பற்றிப் பேசும் நன்னூல், அம், ஆம் என்பன முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் என்பன படர்க்கையாரையும் தன்னோடு உளப்படுத்தும் என வேறுபடுத்துகிறது. பெயரிலும் இந்த வேறுபாடு 'நாங்கள்', 'நாம்' என இன்றுவரை வழக்கில் நிற்கிறது. புதிரை இவ்விளக்கத்தோடு படித்தால் அதன் அமைப்புத் தெளிவாகும். பேசுகின்ற 36 பறவைகளும், அங்கே இல்லாத, சேர்ந்தால் என்று கற்பிக்கப்பட்ட 63 பறவைகளும் 'எங்கள்' என்னும் வட்டத்துக்குள் அடங்குவன. அவை தன்மையும் படர்க்கையும். இவ்வட்டம் 99-இல் நின்றுவிடுகிறது. 'உன்னையும்' என்னும் சொல் விழுந்த பிறகே நூறு நிறைகிறது. அந்த நூறைத் தமிழில் 'நாங்கள் நூறு' என்று சொல்ல இயலாது. 'நாம் நூறு' என்றே சொல்ல வேண்டும். தொகை நிறைவதும் பன்மை மாறுவதும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன.

நூறு என்று எண்ணப்பட்டதில் உண்மையில் வானில் இருப்பவை 37 மட்டுமே என்பது இதில் ஒரு நகை. கற்பனையில் வந்த 63-ஐ விடக் கேட்ட ஒருவன் மெய்யானவன். அவன் இல்லாமல் கூட்டத்தின் விடை பொய்யாகும்.

இலத்தீன் ஒப்பு

இதே எண் அமைப்பு ஐரோப்பாவிலும் உண்டு. ஆல்குவின் (இறப்பு 804) பெயரால் வழங்கும், இளைஞர் அறிவைக் கூர்மையாக்குவதற்கான இலத்தீன் வினாத் தொகுப்பில் வழிநடையில் ஒருவன் மனிதர் சிலரைச் சந்திக்கும் கணக்கு இடம்பெறுகிறது. நீங்கள் இருக்கும் அளவுக்கு இன்னும் அத்தனை பேரும், பாதியில் பாதியும், அதில் பாதியும் இருந்தால் என்னோடு சேர்த்து நூறு ஆவீர்கள் என்று அவன் சொல்கிறான். விடை 36. தொகுப்பின் தீர்வு இரட்டித்த 72-ஐ அடியாகக் கொண்டு, அதன் பாதியில் பாதியை 18 என்றும், அதில் பாதியை 9 என்றும் கூட்டுகிறது. தமிழ்ப் புதிரிலோ 18, 9 ஆகியவை கூட்டத்தின் பாதியாகவும் பாதியில் பாதியாகவும் நேரே வருகின்றன. எண் ஒன்று, எண்ணைச் சொல்லும் வாய்பாடு வேறு. மேலே தள்ளப்பட்ட 'இரட்டித்த தொகை' என்னும் பொருள்கோள், ஒரு 'பாதி' கூடுதலாக வந்ததால், இலத்தீனில் சரியான பொருளாக அமைந்துவிடுகிறது.

இதைக்கொண்டு எது எங்கிருந்து வந்தது என்று வாதிடுவதில் பயனில்லை. நூறு, பாதி, கால் ஆகிய மூன்றையும் வைத்துக் கணக்குப் புனையும் எவரும் 36-ஐச் சென்றடையலாம். பொருட்படுத்த வேண்டிய வேறுபாடு இடத்தில் இருக்கிறது. இலத்தீனில் பேசுபவன் தனியன். நூறாவது ஆள் தன்மை ஒருமை. தீர்வின் இறுதியிலும் பேசுபவனைக் கூட்டிக்கொள் என்றே கூறப்படுகிறது. தமிழில் பேசுவது கூட்டம். நூறாவது ஆள் முன்னிலை. இலத்தீனில் 'நாம்', 'நாங்கள்' என்னும் வேறுபாடு இல்லை. ஆதலால், அங்கே கூட்டம் பேசியிருந்தாலும் பெயர் மாற்றத்தால் நூறு நிறையும் நயம் கிட்டியிராது.

இருவகை முன்னிலை

கணக்கு நூல்களுக்கு முன்னிலை புதியதன்று. பாஸ்கரரின் லீலாவதி (1150) வினாக்கள் பலவற்றில் இளம்பெண்ணையோ நண்பனையோ வணிகனையோ விளிக்கிறது. தமிழ் யாப்பிலும் மகடூஉ முன்னிலை பழகிய உத்தி. யாப்பருங்கலக்காரிகை அதற்கு அனைவரும் அறிந்த சான்று. ஆனால், அத்தகைய விளியை நீக்கினால் எதுகையோ சீரோ குன்றும். விதியும் விடையும் குன்றா. பறவைப் புதிரில் முன்னிலையை நீக்கினால் விடையே இல்லாமல் போகும்: 100-ஐ இரண்டே முக்காலால் வகுத்தால் முழு எண் வராது. முன்னதை அணி முன்னிலை என்றும் பின்னதை எண் முன்னிலை என்றும் வேறுபடுத்தலாம்.

பள்ளிப் பாடத்துக்காகப் புதிரை மாற்றி எழுதும்போது முதலில் பலியாவது இந்த எண் முன்னிலையே. 'ஒரு கூட்டத்தில் சில பறவைகள் உள்ளன' என்று படர்க்கையில் தொடங்கிவிட்டால், 'உன்னையும்' என்பது 'மேலும் ஒன்று' ஆகிவிடுகிறது. கணக்குக் கெடுவதில்லை. ஆனால், வினாவைக் கேட்டவனே விடையின் பகுதி என்னும் திடுக்கிடல் கெடுகிறது. புதிரைக் கேட்கும் சிறுவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடமும் அதுவே: 99-ஐத் தேட வேண்டியிருக்க, அவர்கள் 100-ஐத் தேடுவார்கள்.

எல்லாக் கணக்குப் புதிரும் இவ்வாறு அமைவதில்லை. எண்பத்தொரு பசுக்களை ஒன்பது பிள்ளைகளுக்குப் பங்கிடும் புதிரில் முதல் பசு ஒருபடி, இரண்டாவது இரண்டுபடி என எண்பத்தொன்றாவது எண்பத்தொருபடி பால் கறக்கும். பசுவும் சமமாக, பாலும் சமமாக வேண்டும். பங்கு 369 படி. 1, 11, 21 எனப் பத்துப் பத்தாக ஏறி 81 வரை ஒருவனுக்குக் கொடுத்தால் சரியாகும். 2, 12 என ஏறி 72 வரை எட்டுப் பசுவும், 73-ஆவதும் அடுத்தவனுக்கு. ஏனையோருக்கும் இவ்வாறே அமையும். ஆனால், பங்கிடும் வழி இது ஒன்றன்று. விடை பலவாகையால், சொல்பவர் தம் விடையைக் கையில் வைத்துக்கொண்டு பிறரைத் தோற்கடிக்க இயலாது. புதிதாக ஒருவர் அடுக்கிக் காட்டினால் கூட்டிச் சரிபார்த்து ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். இங்கே கேட்போன் கணக்குக்குள் இல்லை, ஆனால் தீர்ப்பவனாக இருக்கிறான்.

ஆகவே, களத்தில் கணக்குப் புதிர் சேகரிப்போர் விடையோடு நில்லாமல் நான்கைப் பதிவு செய்தல் வேண்டும்: சொன்னவர் வாயில் வந்த பெயர்களின் வடிவம், பாதி எதன் பாதியாகச் சொல்லப்பட்டது, கேட்டோர் சொன்ன தவறான விடைகள், சொன்னவர் எந்த இடத்தில் குறிப்புக் கொடுத்தார் என்பன. பெயர் வடிவத்தைப் பொதுத் தமிழாக்கித் திருத்துவது இப்புதிரில் சான்றை அழிப்பதாகும். 'நாங்கள்', 'நாம்' என்னும் வேறுபாடு தெலுங்கிலும் மலையாளத்திலும் உண்டு. இன்றைய கன்னடத்தில் ஒரே சொல் இரண்டுக்கும் நிற்கிறது. இம்மூன்று மொழிகளிலும் பறவைக் கூட்டப் புதிர் எவ்வாறு முடிகிறது என்று திரட்டி ஒப்பிட்டால், நூறாவது ஆளைக் கூட்டுவதில் பெயருக்கு எவ்வளவு பங்கு, உருபுக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பிரித்து அளந்துவிடலாம்.