மலேசியக் கார் காப்புறுதியில் கூடுதல் ஓட்டுநர்கள்: பெயர் சேர்ப்பதா, விடுவதா?

மலேசியாவில் தனிநபர் பெயரில் பதிவான காருக்கு முழுக் காப்புறுதி எடுப்பவர், ஆண்டுதோறும் சாலை வரியுடன் அதைப் புதுப்பிக்கும்போது, தம்மைத் தவிர வேறு யார் அந்தக் காரை ஓட்டுவார்கள் என்ற கேள்விக்கு மூன்று வழிகளில் விடை தரலாம். ஓட்டக்கூடியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பாலிசியில் சேர்க்கலாம். பெயர் எதுவும் குறிக்காமல் அனைத்து ஓட்டுநர்களுக்குமான காப்பு விரிவை வாங்கலாம். அல்லது எதையும் சேர்க்காமல் விட்டுவிட்டு, விபத்து நேர்ந்தால் ஒரு தொகையைத் தாமே ஏற்கலாம். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கட்டாயமாக்குவது பிறருக்கு நேரும் மரணத்தையும் காயத்தையும் ஈடுகட்டும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியை மட்டுமே என்பதால், சொந்தக் காரின் சேதத்தையும் ஏற்கும் முழுக் காப்புறுதியில்தான் இந்தத் தேர்வு பணக்கணக்காக மாறுகிறது.

பெயர் சேர்ப்பதற்கான நேரடிச் செலவு வியக்கத்தக்க அளவு சிறியது. பொதுவாக உரிமையாளரையும் சேர்த்து இருவருக்குத் தனிக் கட்டணம் இல்லை. அதற்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் 10 ரிங்கிட்டும், அனைத்து ஓட்டுநர் விரிவுக்கு 20 ரிங்கிட்டும் வசூலிப்பது நெடுநாள் வழக்கம். பிரிட்டனில் புதிதாக உரிமம் பெற்ற மகனின் பெயரைச் சேர்த்தால் பிரீமியம் பெருமளவு ஏறுவதும், அதைத் தவிர்க்கப் பெற்றோரே முதன்மை ஓட்டுநர் என்று பொய்யாகக் காட்டுவது மோசடியாகக் கருதப்படுவதும் உண்டு. மலேசியாவில் அத்தகைய ஏற்றம் பழக்கத்தில் இல்லாமல் போனதற்குக் காரணம், பிரீமியம் நெடுங்காலம் இயந்திரக் கொள்ளளவு, காப்புறுதித் தொகை, கார் ஓடுவது தீபகற்பத்திலா சபா சரவாக்கிலா என்பவற்றைக் கொண்ட ஒரே கட்டண அட்டவணைப்படி கணக்கிடப்பட்டு வந்ததே. 2017 ஜூலை 1 முதல் முழுக் காப்புறுதியின் விலையை மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா காப்புறுதி நிறுவனங்களின் மதிப்பீட்டுக்கே விட்டுவிட்டது; ஓட்டுபவரின் வயதையும் விபத்து வரலாற்றையும் விலையில் சேர்க்க இப்போது இடமுண்டு. ஆகவே இளைஞர் ஒருவரின் பெயரைச் சேர்ப்பவர், அப்பெயருடனும் அப்பெயரின்றியும் இரண்டு மூன்று நிறுவனங்களில் விலை கேட்டுப் பார்ப்பது நல்லது.

பெயரில்லாதவர் ஓட்டினால் காப்புறுதியே செல்லாது என்ற பரவலான எண்ணம் தவறானது. செல்லத்தக்க உரிமம் வைத்திருந்து, உரிமையாளரின் அனுமதியோடு ஓட்டியவர் பெயரற்றவராயினும் காப்புக்குள் அடங்குவார். சொந்தக் காரின் சேதத்துக்கு இழப்பீடு கோரும்போது 400 ரிங்கிட் கட்டாய எக்சஸ், அதாவது இழப்பில் காப்புறுதிதாரரே ஏற்க வேண்டிய பகுதி, கழிக்கப்படும் என்பதே வேறுபாடு. உரிமமே இல்லாதவர் கதை வேறு. அவருக்கு மேற்சொன்ன மூன்று வழிகளில் எதுவும் துணை நிற்காது.

இந்த 400 ரிங்கிட்டைப் பற்றி முகவர்கள் விளக்காமல் விடும் ஒரு நுணுக்கம் உண்டு. கட்டாய எக்சஸ் மூன்று காரணங்களால் எழுகிறது: ஓட்டியவர் 21 வயதுக்குக் குறைந்தவராக இருத்தல், பயில்வோருக்கான எல் உரிமமோ புதியவருக்கான பி உரிமமோ வைத்திருத்தல், பாலிசியில் பெயர் இல்லாதிருத்தல். பெயர் சேர்ப்பது மூன்றாவது காரணத்தை மட்டுமே நீக்குகிறது. 17 வயதில் தேர்ச்சி பெற்று, ஈராண்டு நன்னடத்தைக் காலத்துக்கான பி உரிமத்துடன் ஓட்டும் மகளின் பெயரை அடையாள அட்டை எண்ணோடு சேர்த்துவிட்டு நிம்மதியடையும் தந்தை, அவள் தூணில் இடித்துவிட்டால் அதே 400 ரிங்கிட்டைக் கட்டவே செய்வார். அனைத்து ஓட்டுநர் விரிவு இந்த வயது, உரிம நிபந்தனைகளைத் தளர்த்துகிறதா என்பதைப் பாலிசி வாசகத்தில் படித்தே அறிய வேண்டும். விரிவின் பெயரை வைத்து ஊகிப்பது சரியாகாது.

உண்மையில் பெரும்பணம் எக்சஸில் இல்லை, இழப்பீடு கோராமைக்கான கழிவில் இருக்கிறது. என்.சி.டி. எனப்படும் இக்கழிவு, கோரிக்கையின்றிக் கழியும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 25, 30, 38.33, 45, 55 விழுக்காடு என்று படிப்படியாக ஏறி, ஒரே ஒரு கோரிக்கையில் சுழியத்துக்கு விழுந்துவிடும். முழுத் தவறும் எதிர்த் தரப்பினுடையதாக இருந்தால் அது தப்பும். காரை ஓட்டியது யார் என்பதை இக்கழிவு பொருட்படுத்துவதில்லை. மைத்துனர் இடித்தாலும் இழப்பவர் உரிமையாளரே. கழிவுக்கு முந்தைய பிரீமியம் 2,000 ரிங்கிட் என்று கொண்டால், 55 விழுக்காட்டில் 900 கட்டி வந்தவர் கோரிக்கைக்குப் பின் முறையே 2,000, 1,500, 1,400, 1,233.40, 1,100 என்று கட்டி, ஆறாம் ஆண்டில்தான் 900க்குத் திரும்புவார். ஐந்தாண்டுகளில் கூடுதலாகப் போவது 2,733.40 ரிங்கிட். பம்பரும் விளக்கும் உடைந்து பழுதுச் செலவு 1,200 ரிங்கிட் ஆகுமெனில், பெயருள்ளவர் ஓட்டியிருந்தால் கிடைக்கும் 1,200க்காகவோ பெயரற்றவர் ஓட்டியிருந்தால் கிடைக்கும் 800க்காகவோ கோரிக்கை வைப்பது நட்டக்கணக்குதான். இத்தகைய சிறு விபத்துகளில் பெயர் சேர்த்ததும் சேர்க்காததும் ஒன்றே.

ஆகவே தேர்வு பின்வருமாறு அமைகிறது. கணவனும் மனைவியும் மட்டுமே ஓட்டும் காருக்குக் கட்டணமற்ற இரு பெயர்களே போதும், விரிவு தேவையில்லை. நான்கு பேர் ஓட்டினால் கூடுதல் இருவருக்கான கட்டணமும் அனைத்து ஓட்டுநர் விரிவும் 20 ரிங்கிட்டில் சமமாகிவிடுவதால், உறவினரும் நண்பரும் பண்டிகைப் பயணங்களில் மாறி மாறி ஓட்டும் குடும்பத்துக்கு விரிவே ஏற்றது. வாடகைக்கும் இ-ஹெயிலிங் பணிக்கும் அது பொருந்தாது, அவற்றுக்குத் தனிக் காப்பு வாங்க வேண்டும். எப்போதாவது ஒருநாள் ஒருவர் ஓட்டும் காருக்கு மூன்றாவது வழி அறிவுக்குறைவு அன்று, ஆயினும் 10 ரிங்கிட்டை மிச்சப்படுத்த 400க்குத் துணிவதில் பெரிய சாமர்த்தியமும் இல்லை. காரை அன்றாடம் ஓட்டுபவர் மகன் என்றால், நிறுவனம் அதைக் கேட்கும்போது மறைப்பது எந்த வழியிலும் தகாது. 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டம், பொய்யான தகவல் தராதிருக்க நியாயமான கவனம் காட்டும் கடமையை நுகர்வோர்மீது வைக்கிறது, அக்கடமை மீறப்பட்டால் இழப்பீடு குறையவோ மறுக்கப்படவோ கூடும்.

பாலிசி நடப்பில் இருக்கும்போதும் பெயரைச் சேர்க்கலாம், நீக்கலாம். நிறுவனம் தரும் பின்சேர்க்கை ஆவணத்தில் குறித்த தேதியிலிருந்தே மாற்றம் நடப்புக்கு வரும் என்பதால், முகவரிடம் தொலைபேசியில் சொன்னதோடு நில்லாமல், அந்த ஆவணத்தில் பெயரும் அடையாள அட்டை எண்ணும் பிழையின்றி உள்ளனவா என்று பார்த்த பின்பே சாவியைக் கொடுப்பது முறை.