உடலின் அடையாளமும் உரிமையும்

கடவுச்சொல் களவுபோனால் புதியதொன்றை அமைத்துக்கொள்ளலாம். சாவி தொலைந்தால் வேறு பூட்டு வாங்கலாம். விரல்ரேகையையும் கருவிழியின் அமைப்பையும் எவரும் மாற்றிக்கொள்ள இயலாது. மனித உடலே அடையாள அட்டையாகிவிட்ட இக்காலத்தில், உடலிலிருந்து பெறப்படும் தகவல் யாருக்கு உரியது என்னும் வினா நீதிமன்றம் வரை சென்றுள்ளது.

இவ்வினாவின் வேர் கணினிக்கும் முற்பட்டது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங் 1941ஆம் ஆண்டில் ஒரு கொள்ளை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டு, சான்று இன்மையால் விடுவிக்கப்பட்டார். ஆயினும் காவல்துறை அவர் பெயரில் கண்காணிப்பு ஏடு ஒன்றைத் திறந்தது. காவலர்கள் இரவில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர், உறங்கியவரை எழுப்பினர். அவர் தொடுத்த வழக்கில் 1962இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இரவில் வீடு தேடிச் செல்லும் வழக்கம் செல்லாது என்றது. ஆனால், தனியுரிமை என்பது அரசமைப்புச் சட்டம் உறுதியளிக்கும் உரிமை அன்று எனவும் பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். நீதிபதி சுப்பா ராவ் இதற்கு உடன்படவில்லை. தனியுரிமை தனிமனித விடுதலையின் இன்றியமையாத கூறு என்பது அவர் கருத்து. அக்கருத்து அன்று தோற்றது. ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் வென்றது.

இதற்கிடையில் மருத்துவ அறிவியல் காவல் விசாரணைக்குள் நுழைந்தது. ஊசி வழியே மருந்து செலுத்தி அரைமயக்கத்தில் பேசவைத்தல், பொய் கண்டறியும் கருவியால் உடலின் மாற்றங்களை அளத்தல், மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்தல் ஆகிய முறைகள் வழக்கத்திற்கு வந்தன. அடித்துத் துன்புறுத்துவதினும் இவை மேலல்லவா என வாதிட்டோரும் உண்டு. 2010ஆம் ஆண்டு செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. தனக்கெதிராகச் சாட்சி கூறுமாறு குற்றம் சாட்டப்பட்ட எவரையும் வற்புறுத்தலாகாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 20(3)ஆம் பிரிவு. ஒருவருடைய ஒப்புதலின்றி இச்சோதனைகளைச் செய்வது அதற்கு முரணானது என நீதிபதிகள் தீர்ப்பளித்தனர்.

பின்னர் வந்தது ஆதார் வழக்கு. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற புட்டசாமி, எண்பது அகவையைக் கடந்த நிலையில் 2012இல் இவ்வழக்கைத் தொடுத்தார். தனியுரிமை அடிப்படை உரிமையே அன்று என அரசுத் தரப்பு பழைய தீர்ப்புகளை எடுத்துக்காட்டியது. அவற்றுள் 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பு எட்டு நீதிபதிகள் வழங்கியது. அதனை மாற்ற அதனினும் பெரிய அமர்வு வேண்டும். ஆதலின் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்தனர். 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பதின்மரும் ஒருமித்து, தனியுரிமை அடிப்படை உரிமையே என்றனர்.

எனினும் ஆதார் திட்டம் நீக்கப்படவில்லை. 2018இல் ஐவர் அமர்வின் பெரும்பான்மை அதனை ஏற்று, எல்லைகளையும் வகுத்தது. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி சந்திரசூட், இத்திட்டம் முழுவதும் அரசமைப்புக்கு முரணானது என்றார். மண்ணிலும் சிமெண்டிலும் உழைத்துத் தேய்ந்த விரல்களைக் கருவி சில வேளைகளில் அறிந்துகொள்வதில்லை. அப்போது நியாயவிலைக் கடையில் அரிசி மறுக்கப்பட்டால், பிழை கருவியுடையது, பசி மனிதருடையது.

ஐந்து அகவை நிரம்பாத குழந்தையிடம் விரல்ரேகையும் கருவிழிப் பதிவும் பெறப்படுவதில்லை. அதன்பின் பெறப்படும் பதிவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். குழந்தையாக இருந்தபோது பிறர் அளித்த அவ்வொப்புதல் என்றென்றும் கட்டுப்படுத்துவதன்று. பதினெட்டு அகவை நிறைந்த ஆறு திங்களுக்குள், தம் ஆதார் எண்ணை நீக்குமாறு அவர் விண்ணப்பிக்கலாம் என 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கூறுகிறது.

அருஞ்சொற்பொருள்: அகவை – வயது, திங்கள் – மாதம், அமர்வு – ஒரு வழக்கை ஒன்றாக விசாரிக்கும் நீதிபதிகள் குழு, தனியுரிமை – அந்தரங்கத்திற்கான உரிமை.

சிந்தித்து விடையளிக்க:
1. கரக் சிங் வழக்கில் நீதிபதி சுப்பா ராவ் எவ்வாறு மாறுபட்டார்?
2. புட்டசாமி வழக்கிற்கு ஒன்பது நீதிபதிகள் தேவைப்பட்டது ஏன்?
3. உம் வகுப்பில் வருகைப்பதிவுக்கு விரல்ரேகைக் கருவி வைக்கப்படுவதாகக் கொள்க. ஒப்புக்கொள்ளுமுன் நீவிர் கேட்க விரும்பும் மூன்று வினாக்களை எழுதுக.