ஒரு சொல், மூன்று பொருள்: அன்பளிப்பு, மணம், நஞ்சு



ஜி, ஐ, எவ், ரி என்னும் நான்கு எழுத்துக்களால் ஆன சிறு சொல் ஒன்றை இன்று படிப்போம். ஆங்கிலத்தில் அது ‘கிப்ற்’. நோர்வேஜிய மொழியில் அதே எழுத்துக்களை ‘யிப்ற்’ என்று உச்சரிப்பார்கள்.

இச்சொல்லால் நான் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். நோர்வேக்கு அகதியாக வந்த முதல் மாதத்தில் ஒரு படிவம் தந்தார்கள். அதில் ‘ஊயிப்ற்’, ‘யிப்ற்’ என்று இரண்டு பெட்டிகள். இந்நாட்டு மொழி எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆங்கிலம் தெரியும் என்ற துணிவு மட்டும் இருந்தது. கணக்காளன் அல்லவா? அன்பளிப்பாகப் பணம் ஏதும் கிடைத்ததா எனக் கேட்கிறார்கள் என்று எண்ணி, ‘இல்லை’ என்று பொருள்படும் எனத் தோன்றிய முதற் பெட்டியில் புள்ளடி இட்டேன்.

நான் அறிவித்தது, ‘மணமாகாதவர்’ என்பதை! ஊரில் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தனர். அவர்களை அழைக்க விண்ணப்பித்தபோது, மணமாகாதவருக்கு மனைவி எப்படி என்ற கேள்வி வந்தது. திருமணப் பதிவுச் சான்றிதழை மொழிபெயர்ப்பித்து, விளக்கக் கடிதம் எழுதி, அந்த ஒரு புள்ளடியைத் திருத்தப் பத்து மாதங்கள் சென்றன. மகள் முதலடி வைத்து நடந்ததை நான் பார்க்கவில்லை.

இச்சொல்லின் பொருள்கள்:

ஆங்கிலம்: அன்பளிப்பு.
ஜேர்மன்: நஞ்சு.
நோர்வேஜியம், சுவீடிஷ், டேனிஷ்: மணமானவர்; நஞ்சு.
டச்சு: அன்பளிப்பு. கடைசி எழுத்தை நீக்கினால் நஞ்சு.

மணமும் நஞ்சும் ஒன்றுதான் என்று இங்குள்ளவர்கள் பகிடி விடுவதுண்டு. உண்மையில் இவை எல்லாவற்றுக்கும் வேர் ‘கொடு’ என்பதே.

மணம் எப்படி வந்தது? பெண்ணைக் கொடுப்பதால். நாமும் ‘பெண் கொடுத்தோம்’ என்கிறோம், கன்னிகாதானம் என்கிறோம். பழைய ஆங்கிலத்தில் இச்சொல் மணப்பெண்ணுக்காகக் கொடுக்கும் பொருளையே குறித்தது. அன்பளிப்பு என்ற இன்றைய பொருள் வடநாட்டாரின் பழைய நோர்ஸ் மொழியின் தாக்கத்தால் வந்தது. ஜேர்மன் மொழியில் சீதனத்துக்குப் பெயர் ‘மிற்கிப்ற்’, அதாவது உடன் கொடுத்தது.

நஞ்சு எப்படி வந்தது? கிரேக்க மொழியில் ‘டோசிஸ்’ என்றால் கொடுத்தல். நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தின் அளவை வைத்தியர்கள் அப்படி அழைத்தனர். ஆங்கிலத்தின் ‘டோஸ்’ அதுவே. அதற்கு ஈடாக ஜேர்மானியர் தம் ‘கிப்ற்’ என்ற சொல்லை வழங்கினர். நஞ்சு என்று வாய்விட்டுச் சொல்லக் கூசி, ‘கொடுத்தது’ என்று மறைத்துச் சொல்லச் சொல்ல, அதுவே நஞ்சின் பெயராயிற்று. நம் இலக்கணத்தில் இதற்கு மங்கல வழக்கு என்று பெயர். ஊரில் பூச்சிக்கு அடிக்கும் நஞ்சை நாமும் ‘மருந்து’ என்றுதானே சொல்கிறோம்?

இதில் விளையாட்டில்லாத ஒரு செய்தியும் உண்டு. குசினியிலும் களஞ்சிய அறையிலும் உள்ள சில போத்தல்களிலும் எலிப்பாசாணப் பெட்டிகளிலும் இச்சொல் அச்சிடப்பட்டிருக்கும். விடுமுறைக்கு லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் நம் உறவினர் பிள்ளைகள் அதை ஆங்கிலமாக வாசிக்கக் கூடும். ஊரிலிருந்து வரும் அப்பப்பா, அம்மம்மாவுக்கும் இதே நிலைதான். வந்த அன்றே காட்டிச் சொல்லுங்கள். உயரத்தில் வைத்துப் பூட்டுங்கள். நோர்வேயின் நஞ்சுத் தகவல் நிலையத்தின் 24 மணிநேரத் தொலைபேசி இலக்கம் 22 59 13 00. உயிராபத்தென்றால் 113.

படிவம் நிரப்பும்போது, தெரிந்த எழுத்துக்கள் என்பதால் தெரிந்த சொல் என்று எண்ணிவிடாதீர்கள். கேட்பதற்கு வெட்கப்படவும் வேண்டாம். நான் அன்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டிருக்கலாம்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி:
1. ‘கொடு’ என்ற சொல்லை வைத்து ஐந்து வாக்கியங்கள் எழுதுக. ஒவ்வொன்றிலும் பொருள் வேறுபட வேண்டும்.
2. ‘நெய்’ என்று நாம் சொன்னால் நோர்வேஜிய நண்பர் என்ன விளங்கிக்கொள்வார்?