சோளகத்தில் புகை அலாரம்: யாருக்கு உதவும், யாருக்கு உதவாது

சோளகக் காற்று எழும்பிவிட்டது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை மன்னார்த் தீவில் மழை அரிது, காற்றுக்கோ ஓய்வில்லை. 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி மின்நிலையம் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளை நட்டிருப்பது இந்தக் காற்றை நம்பித்தான். காய்ந்த கிடுகு வேலியில் விழும் பொறியை அடுத்த வளவுக்குக் கொண்டுபோவதும் இதே காற்றுத்தான். ஆகவே ஓலைத்தொடுவாய் போன்ற கரையோர ஊர்களில் தீக்கான ஏற்பாடுகளை இப்போதே பார்த்துவிட வேண்டும். புகை அலாரம் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் கல்வீட்டில் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். ஓலை வீட்டில் இருப்பவர்கள் அந்தக் காசை முதலில் குசினிக்குச் செலவழிப்பதே மேல்.

காரணம், அலாரம் தீயைப் பார்ப்பதில்லை. தன்னிடம் வந்துசேரும் புகையைத்தான் பார்க்கிறது. ஒளியால் இயங்கும் வகையின் உள்ளே கறுப்பான சிறு அறை இருக்கும். அதில் ஒரு குட்டி விளக்கு, அதன் ஒளி நேரே படாத கோணத்தில் ஓர் உணரி. காற்று சுத்தமாக இருக்கும்வரை உணரிக்கு இருட்டுத்தான். புகைத்துகள் நுழைந்ததும் ஒளி சிதறி உணரியில் படும், அலாரம் அலறும். இன்னொரு வகை, அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருளின் மிகச் சிறிய அளவைக் கொண்டு காற்றில் மெல்லிய மின்னோட்டத்தை உண்டாக்கி, புகை அதைக் குறைக்கும்போது ஒலிக்கும். சுவாலைவிட்டு எரியும் தீயை இது சற்று முந்திக் காட்டினாலும் புகைந்து கிடக்கும் தீயில் பிந்திவிடும். இரவில் நுளம்புத்திரியிலிருந்து மெத்தைக்கு ஏறும் தீயும், சூடேறிய வயரில் பிறக்கும் தீயும் பெரும்பாலும் புகைந்தபின் பற்றுபவை. எனவே கடையில் ஒளி வகையையே கேட்டு வாங்குங்கள்.

ஓலை வீட்டில் இந்தக் கணக்கு பிசகுகிறது. கீற்றிடைவெளிகளால் புகை வெளியேறிவிடும். தேங்கினாலும் தலைக்கு மேல் இருக்கும் கூரையே விறகு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் மதிய உணவுச் சமையற்கட்டின் தீ கூரைக் கீற்றுக்குத் தாவியதில் 94 குழந்தைகள் இறந்தார்கள். பட்டப்பகல், எல்லோரும் விழித்திருந்த நேரம். தீ தெரியாமல் போனதல்ல அங்கே குறை. தெரிந்தபின் இறங்கிப் போகக் குறுகலான படியை விட்டால் வழியில்லை. அலாரம் தருவது நேரம் மட்டுமே. ஓலைக்கூரை அந்த நேரத்தைத் தின்றுவிடும்.

ஆகவே ஓலை வீட்டார் முதலில் அடுப்பைக் கூரைக்கு வெளியே எடுங்கள். சோளகம் தென்மேற்கிலிருந்து அடிப்பதால் குசினி வீட்டுக்கு வடகிழக்கே இருக்கட்டும். அந்தப் பக்கம் அயல்வீட்டு ஓலை நெருங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். வாடைக்காற்றில் திசை மாறும் என்பது உண்மை, ஆனால் மாரி தொடங்கும்போது ஓலை நனைந்திருக்கும். படகு இயந்திரத்துக்கான மண்ணெண்ணெய்க் கலனையும் நைலோன் வலைக் குவியலையும் படுக்கும் இடத்தில் வைக்காதீர்கள்.

கல்வீட்டாரும் “இந்தக் காற்றில் புகை எங்கே நிற்கும்?” என்று கேட்கலாம். பகலில் நிற்காதுதான். ஆனால் இரவில் மணலுக்குப் பயந்து யன்னலை அடைத்துத்தானே படுக்கிறோம்? அலாரத்தின் வேலை அப்போதுதான். அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் கணக்குப்படி, இயங்கும் புகை அலாரம் உள்ள வீடுகளில் ஆயிரம் தீச்சம்பவங்களுக்கான இறப்பு ஏறத்தாழ 60 சதவீதம் குறைவு. அந்த நாட்டு வீடு வேறு, நம் வீடு வேறு. எண்ணை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனாலும் அடைத்த அறையில் புகை எங்கும் ஒரேமாதிரித்தான் மேலேறுகிறது.

மீன் பொரித்தாலே கத்துகிறது என்ற குறையில் நியாயம் உண்டு. அதற்காகப் பற்றரியைக் கழற்றுவதுதான் தவறு. அலாரத்தை அடுப்பிலிருந்து குறைந்தது மூன்று மீற்றர் தள்ளி, படுக்கையறை வாசலுக்கு வெளியே முகட்டில் மாட்டுங்கள். குசினிக்கு ஏறக்குறைய 57 பாகை செல்சியசில் ஒலிக்கும் வெப்ப வகை பொருந்தும். ஆனால் தகரக் கூரைக்கு நேர்கீழே வேண்டாம், மத்தியான வெயிலுக்கே கத்திவிடும். பற்றரி வகையாக இருந்தால் கரண்ட் போனாலும் கவலையில்லை. காஸ் கசிவை மட்டும் இவற்றில் எதுவும் சொல்லாது. 2021 கடைசியில் நாடெங்கும் சிலிண்டர் விபத்துகள் நடந்தபின் பலர் புகை அலாரம் இருந்தால் போதும் என்று எண்ணக்கூடும். சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது, தரையில் தவழும். அதற்குரிய கருவி வேறு. அதைத் தரைக்குக் கிட்டவே பொருத்தவேண்டும்.

இந்தக் கரையில் உப்பும் மணல்தூசும் கருவிக்குள் புகும். மாதம் ஒருமுறை மெல்லிய தூரிகையால் துடைத்து, பொத்தானை அழுத்திப் பாருங்கள். பற்றரி முனையில் பச்சை படிந்திருந்தால் சுரண்டுங்கள். பத்து வருடமானால் கருவியையே மாற்றவேண்டும். உரத்த அலாரத்துக்கும் எழும்பாத பிள்ளைகள் உண்டு என்பது சோதனைகளில் தெரிந்தது. எனவே இந்தக் கிழமை ஒரு நாள், பிள்ளைகள் நித்திரையான பிறகு பொத்தானை அழுத்துங்கள். எழும்பாத பிள்ளையை யார் தூக்குவது, கிழவரை யார் பிடிப்பது, எந்த வாசலால் போய் வளவில் எங்கே கூடுவது என்று அன்றே பேசி முடியுங்கள். பொலிசின் 119, தீயணைப்பின் 110 இரண்டையும் வெளியே வந்தபின் அழைக்கலாம்.