கைக்கு வேலை கொடுப்போம்: விடுமுறைக்கு ஒரு வீட்டுப் பாடம்



பள்ளிக்கூட விடுமுறை தொடங்கும் வேளையில் இந்தப் பாடத்தை எழுதுகிறோம். ஒவ்வோர் ஆண்டும் கல்வி உதவிப் படிவம் வாங்க அலுவலகத்துக்கு வரும் தாய்மார்கள் ஒரு முறையீட்டையும் சேர்த்தே கொண்டு வருகிறார்கள். "போனைக் கையிலிருந்து வாங்கினால் பிள்ளை ஒரு வாய்ச் சோறு தின்ன மாட்டேன் என்கிறான்" என்பதுதான் அது. நாங்களும் வழக்கம்போல, "போனைப் பூட்டி வையுங்கள்" என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தோம்.

சென்ற ஆண்டு ஒரு தாய் எங்களைத் திருப்பிக் கேட்டார்: "பூட்டி வைக்கச் சொல்றீங்க. இவன் அத்தாவைப் பார்க்கிறதே அதுலதானே? அவங்க சவூதிக்குப் போயி மூணு வருசமாச்சு." அன்று எங்களிடம் பதில் இல்லை. கணவர் வெளிநாட்டில் இருக்க, வீட்டுவேலை, மாமியாரின் மருந்து, ரேஷன் கடை என்று எல்லாவற்றையும் ஒருத்தியாகச் சுமக்கும் பெண்ணுக்கு அந்தப் போன் அரை மணி நேர ஓய்வையும் தருகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் உபதேசம் செய்வது நியாயமல்ல. அந்தத் தாய்க்குச் சொல்லத் தவறிய பதிலைத்தான் இப்போது எழுதுகிறோம்.

மருத்துவர்கள் சொல்வது

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே கூடாது. 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. அதிலும் குறைத்தால் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம் என்றே சொல்கிறது. ஆனால் ஒரு விலக்கு தருகிறது: உறவினரோடு எப்போதாவது பேசும் வீடியோ அழைப்பு. ஆக, அத்தாவின் முகத்தைப் பார்ப்பதில் யாருக்கும் மறுப்பில்லை. அழைப்பு முடிந்த பிறகும் போன் பிள்ளையின் கையிலேயே தங்கிவிடுவதுதான் சிக்கல். அந்தக் கைக்கு வேறு என்ன கொடுக்கப் போகிறோம்?

எங்கள் முதல் முயற்சி

சென்ற கோடையில் அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் கூடத்தில் ஓவிய வகுப்பு தொடங்கினோம். வண்ணம் தீட்டும் புத்தகங்களும் மெழுகு வண்ணக் குச்சிகளும் வாங்கி அடுக்கினோம். முதல் நாள் கூடம் நிறைந்தது. நான்காம் நாள் பாதிப் பாய்கள் காலி. வேறொருவர் வரைந்து வைத்த கோட்டுக்குள் நிறம் நிரப்புவதில் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? பொறுப்பாளர்களான நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாற்றம் வந்தது எங்களால் அல்ல. பேரனைக் கூட்டிப்போக வந்த ஒரு நன்னி, கீழே கிடந்த தாள் துண்டுகளை எடுத்துப் பாய் நெய்வதுபோல் கோத்துக் காட்டினார். பத்தமடையில் பிறந்து எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டவர் அவர். பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். மஃரிப் பாங்கு சொல்லும்வரை ஒருவரும் எழவில்லை. பக்கத்தில் ஒரு பெரியவரின் கையும் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தால் பிள்ளை போனைத் தேடுவதில்லை என்று அன்றுதான் கற்றுக்கொண்டோம். கீழே உள்ள நான்கு பயிற்சிகளும் அதன்பின் நாங்கள் செய்து பார்த்தவை. எதற்கும் பெரிய செலவில்லை.

பயிற்சி 1: களிமண் (3 முதல் 5 வயது)

கோதுமை மாவில் உருவம் செய்யலாம் என்று பலர் சொல்வார்கள். "உணவை வீணாக்குவதா?" என்று எங்கள் கூடத்துப் பெரியவர்கள் கேட்டார்கள்; அது சரியான கேள்வி. எனவே களிமண்ணுக்கு மாறினோம். கண்மாய்க் களிமண்ணில் கல், வேர்களைப் பொறுக்கிவிட்டு, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, கையில் ஒட்டாத பதத்துக்குப் பிசையுங்கள். சட்டி, அடுப்பு, தட்டு, பழம் என்று பிள்ளை விரும்பியதைச் செய்யட்டும். வேப்பிலையையோ தீப்பெட்டியின் ஓரத்தையோ மேலே அழுத்தினால் அச்சு விழும். நிழலில் காயவையுங்கள்; வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். உடைந்தால் நனைத்து மறுபடி பிசையலாம். வேலை முடிந்ததும் பிள்ளையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

பயிற்சி 2: தாள் பாய் (6 முதல் 8 வயது)

திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்றது. தாமிரபரணிக் கரையின் கோரைப் புல்லைக் கீறி, ஊறவைத்து, பருத்தி நூல் பாவில் நெய்வார்கள். அந்தக் கலையைத் தலைமுறைகளாகக் காத்து வருபவர்களில் பெரும்பாலோர் நம் சமுதாயப் பெண்கள். அதன் பாலபாடத்தைத் தாளில் படிக்கலாம்.

பழைய காலண்டர் தாளை இரண்டாக மடியுங்கள். மடிப்புப் பக்கத்திலிருந்து, ஒரு விரல் அகலத்துக்கு ஒரு வெட்டாக நேரே வெட்டிச் செல்லுங்கள். எதிர் ஓரத்துக்கு இரண்டு விரல் இருக்கும்போது நிறுத்திவிட வேண்டும். விரித்தால் அதுவே பாவு. வேறு நிறத் தாளை ஒரு விரல் அகல நாடாக்களாக நறுக்கினால் அது ஊடை. முதல் நாடா ஒன்றன் மேல், ஒன்றன் கீழ் என்று போகட்டும். அடுத்த நாடா அதற்கு நேர் மாறாக. ஒவ்வொன்றையும் விரலால் நெருக்கித் தள்ளுங்கள். ஓரங்களைச் சோற்றுப் பசையால் ஒட்டுங்கள்.

இது கைவந்தபின், இரண்டின் மேல், இரண்டின் கீழ் என்று மாற்றி, வரிசைக்கு ஒரு கட்டம் நகர்த்திச் செல்லச் சொல்லுங்கள். சாய்வான கோடுகள் தாமாகவே எழும். "எப்படி வந்தது?" என்று பிள்ளை கேட்கும். உடனே பதில் சொல்லாமல், எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பயிற்சி 3: எட்டு முனை நட்சத்திரம் (9 முதல் 13 வயது)

சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வட்டம் வரைந்து வெட்டுங்கள். பாதியாக, மீண்டும் பாதியாக, மீண்டும் பாதியாக, மூன்று முறை மடியுங்கள். விரித்தால் ஓரத்தில் மடிப்புகள் முடியும் எட்டு இடங்கள் தெரியும். அவற்றுக்கு வரிசையாக 1 முதல் 8 வரை எண் இடுங்கள். 1, 3, 5, 7 ஆகியவற்றை அளவுகோலால் இணைத்தால் ஒரு சதுரம். 2, 4, 6, 8 ஆகியவற்றை இணைத்தால் இன்னொரு சதுரம். இரண்டும் சேர்ந்தால் எட்டு முனை நட்சத்திரம். மதீனா அச்சு முஸ்ஹஃபில் ஹிஸ்பின் கால் பகுதியைக் காட்டும் குறி இந்த வடிவம்தான் என்று சொன்னதும் எங்கள் மதரஸாப் பிள்ளைகள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

ஒரே அளவில் நான்கு நட்சத்திரங்கள் வெட்டி முனையோடு முனை தொட வைத்தால் நடுவில் புதிய வடிவம் பிறக்கும். அதற்கு வேறு வண்ணம் கொடுக்கலாம். ஸ்பெயினில் கிரனடா நகரின் அல்ஹம்ரா அரண்மனைச் சுவர்களில் ஓடுகள் பதித்தவர்களும் இப்படி வட்டத்தைப் பகுத்துத்தான் கோலங்களை விரித்தார்கள். பாக்தாதில் வாழ்ந்த கணித அறிஞர் அபுல் வஃபா அல்-பூஸ்ஜானி (940–998) கைவினைஞர்களுக்குத் தேவையான வடிவக் கணிதத்தைத் தனி நூலாகவே எழுதினார். கணக்கு என்றாலே பயப்படும் பிள்ளைக்கு இந்தச் செய்தியைச் சொல்லுங்கள்.

உயிருள்ளவற்றின் உருவம் வரையலாமா என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். அதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். இங்கே சொன்ன எதற்கும் அப்படிப்பட்ட உருவம் தேவைப்படாது.

பயிற்சி 4: தென்னோலை (எல்லா வயதும்)

பச்சைத் தென்னங்கீற்றின் ஓலையிலிருந்து ஈர்க்கை உரித்துவிட்டால் கைக்கடிகாரம், காற்றாடி, பீப்பீ எல்லாம் செய்யலாம். செய்முறையை இங்கே எழுதவில்லை, காரணம் இருக்கிறது. இது வீட்டு ஆண்களுக்கான பாடம். நாற்பது வயதைக் கடந்த பலரின் விரல்களில் இது இன்னும் இருக்கிறது. பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கு நான்கு குறிப்புகள்

1. நாளுக்கு அரை மணி நேரம் போதும். ஒரே நேரமாக இருக்கட்டும். அந்த அரை மணி நேரம் உங்கள் போனும் அலமாரியில் இருக்க வேண்டும்.

2. கோணலாக வந்தால் வாங்கித் திருத்தாதீர்கள். அடுத்ததைப் பிள்ளையே நேராக்கும்.

3. "யாருடையது அழகு?" என்று போட்டி வைக்காதீர்கள். ராத்தாவோடும் தம்பியோடும் ஒப்பிட்டால் மறுநாள் பிள்ளை வராது.

4. செய்ததையெல்லாம் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பிள்ளை கேட்கத் தொடங்கினால் நாம் விட்ட இடத்துக்கே திரும்பிவிடுவோம்.

தாய்க்கு அந்த அரை மணி நேரமும் கிடைக்காத வீடுகள் உண்டு. அங்கே நன்னியோ மாமியோ பக்கத்து வீட்டுப் பெரியம்மாவோ உட்காரலாம். ஒரு தெருவில் மூன்று வீடுகள் சேர்ந்து முறை வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தாய்க்கும் வாரத்தில் நான்கைந்து நாள் ஓய்வு கிடைக்கும். போன் தந்த அந்த ஓய்வை இனி அண்டை வீடு தரட்டும்.

அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். அவருடைய மகனும் எங்கள் வகுப்புக்கு வந்தான். அத்தா அழைத்தால் "ம்", "சரி" என்ற இரண்டு வார்த்தைகளோடு கேமுக்குத் தாவுகிறவன். ஒரு வெள்ளிக்கிழமை, தான் செய்த ஓலைக் கடிகாரத்தைத் திரைக்கு நேரே பிடித்துக் காட்டியிருக்கிறான். "முடிச்சு தப்பா இருக்குடா, பிரி, நான் சொல்றேன்" என்று அத்தா அங்கிருந்தே சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஓலை கிழிந்துவிட்டது. "அத்தா, இருங்க, வேற ஓலை எடுத்துட்டு வர்றேன்" என்று போனைத் தாயிடம் கொடுத்துவிட்டு வாசலுக்கு ஓடினான் என்று அவர் வந்து சொன்னார். அவன் கேமை அடியோடு விட்டுவிட்டான் என்று சொல்ல மாட்டோம். வெள்ளிக்கிழமை அழைப்புக்காக இப்போது வியாழக்கிழமையே ஏதாவது செய்து வைக்கிறானாம்.

இந்த வாரம் ஒரு பயிற்சியை மட்டும் தேர்ந்தெடுங்கள். தாளும் கத்தரிக்கோலும் வாங்க வசதியில்லாதவர்கள் அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம். படிவம் எதுவும் தேவையில்லை. நெசவோ ஓலை வேலையோ தெரிந்த பெரியவர்கள் வாரம் ஒரு நாள் அஸருக்குப் பின் கூடத்துக்கு வந்து பிள்ளைகளோடு உட்காருமாறு கேட்டுக்கொள்கிறோம். நாற்காலி தர மாட்டோம். பாயில்தான் உட்கார வேண்டும். இன்ஷா அல்லாஹ், இந்த முறை நாங்களும் கீழேதான் உட்காருவோம்.