உடற்பயிற்சியை விடாது தொடர்வது எவ்வாறு?

தைப்பூசத் திருநாளில் பத்துமலையின் 272 படிகளையும் ஒரே மூச்சில் ஏறி முடிப்போர் நம்மிடையே உண்டு. மறுநாள் அவர்களுள் சிலர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்துவிடுகின்றனர். ஆண்டில் ஒரு நாள் மட்டும் அளவுக்கு மீறி உழைத்து, எஞ்சிய நாள்களில் ஓய்ந்திருக்கும் உடல் வேறு என்ன செய்யும்?

உடற்பயிற்சியைத் தொடங்குவோர் நம்மிடையே குறைவல்லர். புத்தாண்டு பிறந்ததும் புதிய காலணி வாங்குவோர் உண்டு. மருத்துவர் எச்சரித்த மறுநாளே திடலைச் சுற்றி ஓடுவோரும் உண்டு. ஆனால், ஒரு திங்கள் கழித்து அதே திடலில் அவர்களைக் காண்பது அரிது. காரணம் கேட்டால், "நேரம் எங்கே இருக்கிறது?" என்ற விடையே கிடைக்கும். ஆகவே, பல வேலைகளுக்கு இடையே பயிற்சியை விடாது தொடர்வது எவ்வாறு என்பதே நாம் கற்கவேண்டிய பாடமாகும்.

இப்பாடம் நமக்கு ஏன் தேவை?

மலேசியாவில் வயது வந்தோருள் ஏறத்தாழ அறுவரில் ஒருவருக்கு நீரிழிவு நோய் இருப்பதை 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு காட்டியது. நாட்டின் மூன்று பெரிய இனங்களுள் இந்தியரிடையே இந்நோய் மிகுதி என்பதும் இத்தகைய ஆய்வுகளில் பன்முறை வெளிப்பட்ட உண்மையாகும். கால்விரலில் தோன்றிய சிறு புண் ஆறாமல், இறுதியில் காலையே இழக்க நேர்ந்தவர்களை நம்முள் பலர் அறிவோம். கை கால்களையே முதலாகக் கொண்டு உழைக்கும் குடும்பத்தில், ஒருவரின் கால் போனால் குடும்பமே தடுமாறும். நாள்தோறும் சிறிது உடலை இயக்குவது இரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுப்படுத்தவும், இரத்த அழுத்தத்தைக் குறைக்கவும் துணைபுரிகிறது.

"எங்கள் வேலையே உடற்பயிற்சிதானே?"

இவ்வினாவில் உண்மை உண்டு. 1953ஆம் ஆண்டில் லண்டன் மாநகரப் பேருந்து ஊழியர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று வெளிவந்தது. நாள் முழுவதும் அமர்ந்தே பேருந்தைச் செலுத்திய ஓட்டுநர்களைக் காட்டிலும், மாடிப் பேருந்தில் ஏறி இறங்கிச் சீட்டு வழங்கிய நடத்துநர்களுக்கு இருதய நோய் குறைவாக இருந்தது. எனவே, நிரை நிரையாக நடந்து மரம் சீவுபவரின் நடையும் பயனுள்ளதே.

ஆனால், தோட்டத்தில் எல்லாருடைய வேலையும் அத்தகையதன்று. டிராக்டர் ஓட்டுபவர், காவற்பணி புரிபவர், அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர் ஆகியோர் பெரும்பாலும் அமர்ந்தே இருக்கின்றனர். முன்னர் நடந்து சென்ற வெளிக்காட்டுக்கு இன்று மோட்டார் சைக்கிளில் செல்கிறோம். மரம் சீவுபவரும் ஒரே வகையாகக் குனிந்து நிமிர்கிறாரே அன்றி, உடலின் எல்லாத் தசைகளுக்கும் வேலை கொடுப்பதில்லை. பணி ஓய்வு பெற்றபின் அந்த நடையும் நின்றுவிடுகிறது. சோற்றின் அளவு மட்டும் குறைவதில்லை.

எவ்வளவு செய்தல் வேண்டும்?

வயது வந்தோர் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான வேகத்தில் உடலை இயக்குதல் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஐந்து நாள்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 30 நிமிடமே ஆகும். பேசிக்கொண்டு நடக்க முடியும், ஆனால் பாட முடியாது என்னும் அளவே மிதமான வேகம் எனக் கொள்க. இதனுடன் வாரத்தில் இரு நாள்களேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் தேவை.

வேலைமிக்கோர் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. தொடர்ந்து 10 நிமிடமேனும் செய்தால்தான் கணக்கில் சேரும் என்று முன்னர் கூறப்பட்டது. 2020இல் வெளியான பரிந்துரையில் அந்நிபந்தனை நீக்கப்பட்டது. காலையில் 5 நிமிடம், மாலையில் 10 நிமிடம் எனச் சிறுகச் சிறுகச் சேர்த்தாலும் பயன் உண்டு.

பால்மரம் தரும் பாடம்

உளி பிடித்தவர்க்கு ஓர் உண்மை தெரியும். பட்டையை மெல்லியதாகச் சீவினால் பால் வடியும். மரமும் நலமாக இருக்கும். ஒரே நாளில் நிறையப் பால் எடுக்க எண்ணி ஆழமாக வெட்டினால் மரத்தில் காயம் உண்டாகும். ஓய்வின்றி அடிக்கடி வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும். ஒன்றுவிட்டொரு நாள் என முறையாகச் சீவிய மரமோ இருபது ஆண்டுக்கு மேலும் பால் தரும். உடற்பயிற்சிக்கும் இதுவே விதி: அளவு சிறிதாயினும் முறை தவறாதிருத்தல் வேண்டும்.

தொடர்வதற்கு நான்கு வழிகள்

முதலாவது, பயிற்சிக்கு இடம் குறித்தல். "நேரம் கிடைத்தால் நடப்பேன்" என்பவருக்கு நேரம் கிடைப்பதில்லை. 2002இல் பிரிட்டனில் மாணவர்களிடையே நடத்திய ஆய்வு ஒன்று வெளியாயிற்று. பயிற்சியின் நன்மைகளைப் படித்தறிந்தோருள் 35 விழுக்காட்டினரே அடுத்த வாரத்தில் பயிற்சி செய்தனர். அவற்றைப் படித்ததோடு, எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த இடத்தில் செய்வோம் என்றும் எழுதி வைத்தோருள் 91 விழுக்காட்டினர் செய்து முடித்தனர்.

இரண்டாவது, நாள்தோறும் தவறாது நடைபெறும் ஒரு செயலோடு பயிற்சியைப் பிணைத்தல். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கணவர் டிராக்டர் ஓட்டுநர். மனைவி பட்டணத்துத் தொழிற்சாலையில் பணிபுரிகிறார் எனக் கொள்வோம். மனைவியின் வேலைநேரம் வாரத்துக்கு வாரம் மாறுவதால், மாலை ஆறு மணி என்று குறிப்பது அவருக்குப் பயன்படாது. "தொழிற்சாலைப் பேருந்திலிருந்து இறங்கியதும், தோட்ட நுழைவாயிலிலிருந்து வீடுவரை விரைந்து நடப்பேன்" என்று குறித்தால், வேலைநேரம் மாறினாலும் பயிற்சி மாறாது. கணவர், மாலைத் தேநீர் அருந்தியதும் பிள்ளைகளுடன் திடலை நான்கு முறை சுற்றி வரலாம். மனைவி வீடு சேர்வதற்குள் அவர் அடுப்பில் உலையை வைப்பாராயின், மனைவியின் நடை தடைப்படாது. வீட்டு வேலையின் சுமை முழுவதையும் ஒருவரே தாங்கும் வீட்டில், அவருடைய பயிற்சியே முதலில் நிற்கும் என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது, மழைக்கும் புகைமூட்டத்துக்கும் மாற்று வழி வைத்திருத்தல். வெளியே செல்ல இயலாத நாளில், உறுதியான நாற்காலியில் பத்து முறை அமர்ந்து எழலாம். சுவரில் இரு கைகளையும் ஊன்றி, பத்து முறை உடலைத் தாழ்த்தி நிமிரலாம். இவற்றைச் சிறிது ஓய்வுக்குப்பின் மீண்டும் செய்க. இவையே தசைகளை வலுப்படுத்தும் எளிய பயிற்சிகளுமாகும்.

நான்காவது, தவறிய நாளை எண்ணிச் சோர்வடையாது மறுநாளே திரும்புதல். நடந்த நாள்களைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் குறித்து வருக. ஒரு செயல் பழக்கமாவதற்கு எத்தனை நாள் ஆகும் என்பதை லண்டனில் 96 பேரைக் கொண்டு ஆராய்ந்து, 2009இல் முடிவை வெளியிட்டனர். சராசரியாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாளே போதுமாயிருந்தது. வேறு சிலருக்கு 254 நாள்வரை ஆகலாம் எனக் கணிக்கப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதும் தெரிய வந்தது. ஆகவே, தீபாவளிக்கு மூன்று நாள் நின்றுபோனால், "எல்லாம் போயிற்று" என்று கைவிடாதீர். நான்காம் நாள் காலணியை மாட்டுக.

எச்சரிக்கை

நடக்கும்போது நெஞ்சுவலி, மயக்கம், மிகுந்த மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி நாடுக. நீரிழிவு, இருதய நோய் உடையோர் தொடங்குமுன் அரசாங்க மருந்தகத்தில் ஆலோசனை பெறுதல் நலம். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோர், சர்க்கரை குறைந்தால் உண்பதற்கு இனிப்பு மிட்டாயைச் சட்டைப்பையில் வைத்திருத்தல் வேண்டும். நீரிழிவு உடையோர் வெறுங்காலோடு நடக்கலாகாது; வீடு திரும்பியதும் பாதங்களைக் கழுவித் துடைத்து, புண் உண்டா எனப் பார்த்தல் வேண்டும்.

பயிற்சி வினா

கீழ்வரும் வாக்கியத்தை நிறைவு செய்து, நாள்காட்டியின் அருகே ஒட்டி வைக்கவும்:

"நாள்தோறும் ........ முடிந்ததும், ........ என்னும் இடத்தில், ........ நிமிடம் நடப்பேன். மழை பெய்தால் வீட்டில் ........ செய்வேன்."

இதனை எழுதி முடிக்க இரண்டு நிமிடம் போதும். விடையைத் திருத்தப்போவது ஆசிரியர் அல்லர்; இரண்டு திங்கள் கழித்து உங்கள் நாள்காட்டியே திருத்தும்.