எச்.டி. முத்திரையும் வடியும் மேசையும்

"எச்.டி. போட்ட கட்டை சார், பிசினே வராது." ஓசூரில் பழைய பேலட் விற்கும் இடங்களில் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. சிப்காட் ஆலைகளுக்கு வெளிநாட்டு இயந்திரங்களைச் சுமந்து வந்த பைன் பெட்டிகள் பலகையாகின்றன, பலகை டீப்பாய் ஆகிறது, அந்த டீப்பாய் சித்திரை பிறந்ததும் என் பாலிஷ் பட்டறைக்கு வந்து நிற்கிறது. மேலே கண்ணாடி மாதிரி பளபளப்பு. கணு இருக்கும் இடத்தில் மட்டும் தேன் துளி போல ஒன்று, அதில் ஒட்டிக் கிழிந்த செய்தித்தாள் துண்டு.

அந்த முத்திரை எதற்கு என்று யாராவது கேட்டதுண்டா? கோதுமைக் கதிர் படம், நாட்டின் இரண்டெழுத்து, பக்கத்தில் எச்.டி., அதாவது ஹீட் ட்ரீட்டட், சூடேற்றிய கட்டை. 2002-இல் வந்த ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதியின் அடையாளம் அது. கட்டையின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு ஏறி, 30 நிமிடம் நிற்க வேண்டும். மரத்துக்குள் ஒளிந்த வண்டும் புழுவும் கடல் தாண்டிப் போகக் கூடாது என்பதற்காக வைத்த சூடு. பூச்சிக்கு வைத்த சூட்டைப் பிசின் கணக்கில் எழுதினால் எப்படி? ஈரம் போனதற்குக்கூட அது சாட்சி இல்லை. உலர்த்திய கட்டைக்குக் கே.டி. என்று தனி எழுத்து உண்டு.

பைன் பிசினில் இருப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று ஆவியாகிப் போகும் டர்பன்டைன். இன்னொன்று கெட்டியாக நிற்கும் ரோசின், வயலின் வில்லில் தேய்க்கிறார்களே, அதேதான். டர்பன்டைன் கலந்திருக்கும்வரை ரோசின் இளகிக்கொண்டே இருக்கும். அதை விரட்டச் சூளையில் ஏறக்குறைய 71 டிகிரி வேண்டும், அதுவும் ஒரு நாளாவது. அப்படி இறுகிய பிசின், மறுபடி அந்தச் சூட்டைப் பார்க்கும்வரை பெரும்பாலும் அசையாது. அரை மணி நேரத்து 56 டிகிரியை இதற்கு ஈடு என்று விற்பவரை என்னவென்று சொல்ல?

ஓசூர்க் குளிரும் இந்தப் பொய்க்குத் துணை போகிறது. சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில் சாதுவாகக் கிடந்த மேசை, கிருஷ்ணகிரிக்கு இறங்கி, மேற்குச் சன்னலோரம் வெயில் வாங்கியதும் வேலையைக் காட்டுகிறது. கறுப்பு ஸ்டெயின் அடித்திருந்தால் இன்னும் சீக்கிரம். "ஓசூர்ல ஒண்ணுமே ஆகலையே அண்ணா" என்கிறார்கள். ஆகாதுதான்.

மற்ற கதைகளுக்கு இவ்வளவு மூச்சு செலவழிக்க வேண்டாம். ஒரு கோடை வெயிலில் போட்டால் சரியாகுமாம். தண்ணீர் போகும், பிசின் இருக்கும். ஈரத்துணியால் துடைக்கலாமாம். இது நம் சொல் செய்த குழப்பம். வேம்பில் வடிவதும் நமக்குப் பிசின், பைனில் வடிவதும் பிசின். வேப்பம் பிசின் தண்ணீரில் கரையும். பைன் பிசினுக்கு ஸ்பிரிட்டோ டர்பன்டைனோ வேண்டும். தேக்கிலும் இதே தொல்லை என்பதும் தவறு. தேக்கில் பைன் போலப் பிசின் குழாய்கள் கிடையாது, இருப்பது எண்ணெய்ப்பசை. பாலிஷுக்குச் சற்று முன் தின்னரால் துடைத்தால் போதும்.

"நாலு கோட் பி.யு. அடிச்சா அடங்கிடும்" என்பவர்களிடம் மட்டும் எனக்குச் சண்டை உண்டு. அடியில் பிசின் இளகினால் மேலே இருக்கும் பாலியூரித்தேன் படலம் கொப்புளித்து உரியும். முதலில் கணுவையும் பிசின் பையையும் உளியால் சுரண்டுங்கள். வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் சூடாக்கி, கசிவதை வழித்தெடுங்கள். கட்டை ஆறிய பிறகே தின்னர் துணியைத் தொடுங்கள், இரண்டையும் ஒன்றாகச் செய்தால் பட்டறை எரியும். பிறகு உப்புத்தாள். அதன்மேல் மெழுகு நீக்கிய அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து இரண்டு கை. மெழுகு நீக்காத அரக்கின்மேல் பி.யு. சரியாகப் பிடிக்காது. இவ்வளவு செய்தும் ஆழத்தில் பெரிய பிசின் பை இருந்தால் கசியலாம். அந்தத் துண்டை மேசையின் மேற்பலகைக்குப் போடாதீர்கள், அடிச்சட்டத்துக்குப் போடுங்கள். எச்.டி.க்குப் பதில் எம்.பி. என்று முத்திரை இருந்தால் அது மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்ட கட்டை. குழந்தைத் தொட்டிலுக்கு அதைக் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இதையெல்லாம் ஒவ்வொரு ஆசாரியும் தனித்தனியே பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? மரத்தையே ஆராய்கிற மத்திய அரசு நிறுவனம் பெங்களூரு மல்லேசுவரத்தில் இருக்கிறது, இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சம். சிறு பட்டறைகள் கூடி ஒரு பொதுச் சூளை போடலாம், அந்த நிறுவனத்துக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்து நடத்தலாம் என்று நான் சொல்லாத கூட்டமில்லை. டீ குடித்துவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். அடுத்த சித்திரையில் மேசையோடு வருகிறார்கள்.